மடக்குக் கட்டிலில் திறந்த கடைகள்: போலந்துப் பயணக் குறிப்புகள்

திங்கள், வார்சா

ஜெருசலேம் அவென்யூவும் நோவி ஷ்வியாத் தெருவும் சந்திக்கும் ரவுண்டானா நடுவில் ஒரு செயற்கைப் பேரீச்ச மரம் நிற்கிறது. அக்டோபர் குளிர்காற்றில் மட்டைகள் படபடக்கின்றன. சாலையின் பெயருக்குப் பொருத்தமாக ஒரு கலைஞர் நட்டுவைத்ததாம். நான் பார்க்க வந்தது மரத்தை அல்ல, அதன் பின்னால் இருக்கும் கனத்த வெளிர்நிறக் கட்டிடத்தை. கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு இயங்கிய இடம் அது. 1991 ஏப்ரல் 16 அன்று வார்சா பங்குச் சந்தை இதே கட்டிடத்தில்தான் வேலையைத் தொடங்கியது. முதல் நாள் கைமாறியவை ஐந்தே கம்பெனிகளின் பங்குகள். போஸ்னான் பக்கத்து ஒலிபெருக்கிக் கம்பெனி, வூட்ஜ் நகரத்து மேல்கோட்டுக் கம்பெனி, தெற்கே க்ரோஸ்னோவின் கண்ணாடித் தொழிற்சாலை, கீல்ட்சேயிலிருந்து ஒரு கட்டுமானக் கம்பெனி, சிலேசியாவின் கேபிள் தொழிற்சாலை. ஐந்தும் ஐந்து திசை. சந்தை பிறகு பக்கத்துப் புதுக் கட்டிடத்துக்குக் குடிபோய்விட்டது.

திருப்பூரில் ஆடிட்டர் ஆபீஸில் குப்பை கொட்டும் எனக்கு ஊர் சுற்றுவதென்றால் கோட்டை கொத்தளம் பார்ப்பதைவிட, அங்கே யார் எப்படிக் கடை போட்டார்கள் என்று கேட்பதில்தான் சுவாரசியம். இங்கே ஐடி வேலையில் இருக்கும் தம்பி ஒருவன் (கோவையில் எனக்கு ஜூனியர்) தன் வீட்டு உரிமையாளர் அம்மாவிடம் கூட்டிப் போனான். எழுபதைத் தாண்டியவர். 1989-ல் மார்ஷால்கோவ்ஸ்கா தெருவோரம் கான்வாஸ் மடக்குக் கட்டிலில் வைத்துக் காலுறையும் ஷேவிங் பிளேடும் விற்றவர். கட்டிலை விரித்தால் கடை. நான்கு முனையையும் துணியோடு சேர்த்துத் தூக்கினால் மூட்டை. சரக்கு மேற்கு பெர்லினிலிருந்து ரயிலில் வந்தது. அவர் அப்போது பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். மாதச் சம்பளத்தை இரண்டு சனிக்கிழமைகளில் பார்த்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார்.

இதெல்லாம் சட்டப்படி நடந்தது. கம்யூனிஸ்ட் ஆட்சி விழுவதற்கு முன்பே, 1988 டிசம்பரில், பிரதமர் ரகோவ்ஸ்கியின் அரசில் தொழில் அமைச்சராக இருந்த மியெச்சிஸ்வாவ் வில்செக் ஒரு சட்டம் கொண்டுவந்தார். 1989 ஜனவரி 1 முதல் அமல். தடை செய்யப்படாத தொழிலை எவரும் செய்யலாம், போய்ப் பதிந்தால் போதும், லைசென்ஸ் என்பது ஒருசில தொழில்களுக்கு மட்டும். நம் ஊரில் அதே சமயம் லைசென்ஸ் ராஜ் உயிரோடு இருந்தது என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. கட்டில் கடைகள் தகரக் கடைகளாயின. விஸ்துலா ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய ஸ்டேடியம் முழுக்க ஒரு ராட்சதச் சந்தையாகி, வியட்நாம்காரர்கள், ரஷ்யர்கள், ஆர்மீனியர்கள் என்று எல்லோரும் அங்கே கடை விரித்தார்கள். 2012 யூரோ கால்பந்துக்காக அதே இடத்தில் இன்றைய தேசிய ஸ்டேடியம் எழும்பியது.

சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான். தேதியும் ஒன்றுதான். அப்புறம் ஏன் சில ஊர்கள் ஓடின, சில ஊர்கள் உட்கார்ந்துவிட்டன? தம்பி போனில் ரயில்வே மேப்பைத் திறந்து காட்டினான். மேற்கிலும் வடமேற்கிலும் சிலந்தி வலை மாதிரி நெருக்கமான தண்டவாளம், நடுவிலும் கிழக்கிலும் வெற்றிடம். "பாருங்கண்ணா, இதுதான் பழைய ஜெர்மன் பார்டர். 1918 வரைக்கும் மேற்குப் பக்கம் பிரஷ்யாகிட்ட, கிழக்கு ரஷ்யாகிட்ட, தெற்கு ஆஸ்திரியாகிட்ட. தொழில் எங்க வந்துதுன்னு கேட்டா இந்த மேப்பையே காட்டிருவாங்க."

1795-ல் வரைபடத்திலிருந்தே காணாமல் போன நாடு, 123 வருஷம் மூன்று எஜமானர்களிடம் இருந்தது. அதன் தழும்பு 1989-க்குப் பிறகு கடை திறந்தவர்களின் கையிலுமா இருக்கும்? பார்க்கலாம்.

செவ்வாய், வூட்ஜ்

எழுத்தில் லோட்ஸ் மாதிரி இருக்கும், வாயில் வூட்ஜ். சிவப்புச் செங்கல் ஆலைகளின் ஊர். 1820-களில் ஆயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர், முதல் உலகப் போர் சமயத்தில் ஐந்து லட்சம் பேர் வாழும் பஞ்சாலை நகரமாகிவிட்டது. ரஷ்யப் பேரரசின் சந்தை மொத்தமும் எதிரே திறந்து கிடந்ததால் வந்த வளர்ச்சி. இஸ்ரேல் போஸ்னான்ஸ்கியின் ஆலை வளாகம் 2006 முதல் மனுஃபக்துரா என்ற ஷாப்பிங் மால். நூற்பு நடந்த கட்டிடத்தில் இன்று ஹோட்டல். அழகாகத்தான் வைத்திருக்கிறார்கள். நான் காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். பார்க்க வேண்டியது ஊருக்கு வெளியே இருந்தது.

கம்யூனிஸ்ட் காலத்திலும் வாடிக்கையாளர் மாறவில்லை: சோவியத் யூனியன். ஆலைகளில் பெரும்பாலும் பெண்கள். 1981 கோடையில் சாப்பாட்டுக்கு வழியில்லை என்று குழந்தைகளோடு இந்த ஊரின் பெரிய தெருவில் ஊர்வலம் போனவர்கள் அவர்கள்தான். 1991-ல் சோவியத் சந்தை விழுந்ததும் ஆலைகள் வரிசையாகச் சாய்ந்தன. முதல் நாள் பங்குச் சந்தைக்குப் போன மேல்கோட்டுக் கம்பெனி ப்ரூக்னிக் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது, 2018-ல் அதுவும் திவால்.

இங்கேதான் என் கணக்கு முதல் தடவை உதைத்தது. பெரிய ஆலைகள் செத்த ஊரில் தொழில் முனைவோரே இல்லை என்று வாசித்திருந்தேன். ஆனால் தெற்கே பஸ்ஸில் அரை மணி போனால் ரிஸ்கூவ், அதைத் தாண்டினால் துஷின். சாலையின் இரண்டு பக்கமும் மொத்த விற்பனை ஜவுளிக் கூடங்கள். வேலை போன தையல்காரிகளில் பலர் ஒரு மெஷினை வீட்டில் போட்டுக்கொண்டார்கள். கராஜில் நான்கு மெஷின், பக்கத்து வீட்டில் கட்டிங், மாமியார் பட்டன் தைப்பார். சரக்கு துஷின் சந்தைக்குப் போகும். பெலாருஸ், உக்ரைன், லித்துவேனியாவிலிருந்து பஸ் போட்டு வந்து ராத்திரியே வாங்கி, விடிவதற்குள் கிளம்பிவிடுவார்கள். திருப்பூர்க்காரனுக்கு இதை யாரும் விளக்கவே தேவையில்லை, எங்கள் ஊர் ஜவுளிச் சந்தையான காதர்பேட்டையில் கண்ணை மூடித் திறந்தமாதிரி இருந்தது.

ஒரு கூடத்தில் குளிர்கால நைட்டி விற்கும் அம்மா துணியை உள்பக்கம் திருப்பிக் காட்டினார். ஓவர்லாக் தையல் சுத்தம், கழுத்துப் பட்டிக்கு மட்டும் மலிவான நூல். "நீங்கள் தைத்ததா?" என்றேன். பத்து வருஷத்துக்கு முன்பு வரை தானே தைத்தாராம், இப்போது பாதிச் சரக்கு சீனாவிலிருந்து வருகிறது. 1998-ல் ரூபிள் விழுந்தபோது ஒரு மாதம் ஒரு பஸ்கூட வரவில்லை என்றும், அன்று தையலை விட்டவர்கள் திரும்பி வரவேயில்லை என்றும் சொன்னார்.

தொழில் இருந்தது. ஆனால் ஒரே வாடிக்கையாளரை நம்பிய தொழில். பேரரசு காலத்திலிருந்து இந்த ஊருக்கு அதே ஜாதகம்.

புதன், போஸ்னான்

நடுப்பகல் பன்னிரண்டுக்கு நகர மண்டபக் கோபுரத்தில் இரண்டு தகர ஆடுகள் வெளியே வந்து முட்டிக்கொள்கின்றன. கீழே கூட்டம் கைதட்டுகிறது. கூட்டத்தில் பாதி பேர் போலந்துக்காரர்கள். போஸ்னான்காரர்களைப் பற்றி மற்ற போலந்துக்காரர்கள் வைத்திருக்கும் ஜோக்கெல்லாம் ஒரே ரகம்: கஞ்சன்கள், நேரம் தவறாதவர்கள், உருளைக்கிழங்கு தின்கிறவர்கள். நம் ஊரில் இந்த வகை ஜோக்குக்கு எந்த ஊரைப் பிடிப்போம் என்று உங்களுக்கே தெரியும், நான் சொல்லி அடி வாங்கப் போவதில்லை.

சதுக்கத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் பஜார் என்ற பழைய ஹோட்டல் கட்டிடம் இருக்கிறது. 1838-ல் மார்ச்சின்கோவ்ஸ்கி என்ற டாக்டர் பங்கு சேர்த்துத் தொடங்கிய கம்பெனி கட்டியது. மேலே அறைகள், கீழே போலந்து வணிகர்களுக்கான கடைகள். பிரஷ்யாவை எதிர்த்து ஆயுதம் தூக்கி ஜெயிக்க முடியாது, அதனால் கணக்குப் பிள்ளையாகவும் இரும்புக் கடைக்காரனாகவும் ஜெயிப்போம் என்பது அவர்கள் திட்டம். ஹிபோலித் செகியெல்ஸ்கி என்ற பள்ளி ஆசிரியர், மாணவர்கள் வீட்டைச் சோதனை போடச் சொன்ன உத்தரவை மறுத்ததால் 1846-ல் வேலை இழந்தார். அவர் இந்த பஜாரில்தான் இரும்புச் சாமான் கடை போட்டார். கடை கலப்பை ரிப்பேர் பட்டறையாகி, பட்டறை எஞ்சின் தொழிற்சாலையாகி, கம்யூனிஸ்ட் காலத்தில் ஸ்டாலின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. 1956 ஜூனில் "எங்களுக்கு ரொட்டி வேண்டும்" என்று அதே தொழிற்சாலைத் தொழிலாளர்கள்தான் தெருவுக்கு வந்தார்கள், டாங்குகள் வந்து சுட்டன.

இன்னொரு ஆள் இருக்கிறார், என் செல்லம். மிகாவ் த்ஜிமாவா என்ற விவசாயி. 1904-ல் பிரஷ்ய அரசு அவர் வாங்கிய நிலத்தில் வீடு கட்ட அனுமதி தர மறுத்தது. போலந்துக்காரன் நிலம் வாங்கினாலும் குடியேறக் கூடாது என்பதுதான் நோக்கம். அவர் ஒரு சர்க்கஸ் வண்டியை வாங்கி அதில் குடும்பத்தோடு குடியேறினார். நகரும் வண்டி வீடாகாதே, அனுமதி எதற்கு? அதிகாரிகள் அடுத்தடுத்து விதி தேடினார்கள், அவர் அடுத்தடுத்து ஓட்டை தேடினார். எங்கள் ஆபீஸில் இருந்திருந்தால் பார்ட்னர் ஆகியிருப்பார்.

இதற்கெல்லாம் நடுவே கத்தோலிக்கப் பாதிரிகள் கூட்டுறவு வங்கி நடத்தினார்கள். வவ்ஜின்யாக் என்ற பாதிரியார் ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்கு வரவு செலவு நோட்டு எழுதச் சொல்லிக் கொடுத்தார். ஆக, தம்பியின் மேப்பில் உண்மை இருக்கிறது, ஆனால் அவன் சொன்ன விதத்தில் இல்லை. தொழில் சூட்சுமத்தை பிரஷ்யாக்காரன் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. அவன் கொடுத்தது தண்டவாளமும் பள்ளிக்கூடமும் தொல்லையும். தொல்லைக்குப் பதிலாகத்தான் வங்கியும் பட்டறையும் வந்தன.

மதியம் ஸ்வாஜெண்ட்ஸ் போனேன், கிழக்கே பத்து நிமிட ரயில். தச்சர்களின் ஊர். இங்கே எனக்குக் கிடைத்த விஷயம் மேப்பைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். கம்யூனிஸ்ட் காலம் முழுக்க இங்கே தனியார் தச்சுப் பட்டறைகள் மூடவே இல்லை. பெரிய ஃபர்னிச்சர் தொழிற்சாலை அரசிடம், சிறு பட்டறைகள் வீட்டுப் பின்கட்டில். வரி, மரத்துக்குக் கோட்டா, இன்ஸ்பெக்டர் தொல்லை எல்லாம் உண்டு. ஆனாலும் அப்பா மகனுக்கு உளியைக் கொடுத்தார், கூடவே விலை போடுவது எப்படி என்பதையும். ஒரு பட்டறையில் மூன்றாம் தலைமுறைக்காரர் தேக்குமாதிரி பளபளக்கும் ஓக் நாற்காலியைக் கவிழ்த்து, ஆணி இல்லாத இணைப்பைக் காட்டினார். மேஜை டிராயரில் அவர் தாத்தாவின் 1960-களின் கணக்கு நோட்டு: ஒவ்வொரு நாற்காலிக்கும் மரம், பசை, கூலி, தனித்தனிப் பத்தி. இதை வைத்திருந்தவனுக்கு 1989 ஜனவரியில் என்ன குழப்பம் வந்திருக்கும்? ஜிஎஸ்டி வந்தபோது ஏற்கெனவே கணக்கு எழுதிக்கொண்டிருந்த பார்ட்டிகள் மட்டும் எப்படி நிம்மதியாக இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

இவை தவிர 1970-களின் கடைசியிலிருந்து வெளிநாட்டு வாழ் போலந்துக்காரர்கள் சிறு கம்பெனி வைக்க அரசு விட்டுக்கொடுத்தது. அவற்றில் கணிசமானவை இந்தப் பக்கம். 1990-களில் ஃபோக்ஸ்வாகன் வந்தது. பெர்லினில் பஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு போலந்து எஞ்சினியரும் மனைவியும் பக்கத்திலுள்ள பொலெஹோவோவில் 1996-ல் பஸ் செய்யத் தொடங்கினார்கள். அதுதான் சோலாரிஸ். இன்று ஊருக்குள் என்னை ஏற்றிப்போன பஸ்ஸின் முன்புறம்கூட அவர்களின் பச்சை நிறக் குட்டைக்கால் நாய் ஒட்டியிருந்தது. 2018-ல் ஒரு ஸ்பெயின் கம்பெனி அதை வாங்கிவிட்டது.

வியாழன், கோஷாலின் பக்கம்

இன்று முழுக்க வாடகைக் காரில், தம்பி லீவு போட்டு வந்து ஓட்டினான். பால்டிக் கடலுக்குக் கொஞ்சம் தெற்கே. நேராக நீளும் சாலை, இரண்டு பக்கமும் ஜெர்மன் காலத்து மரங்கள். தம்பியின் மேப்படி இதுவும் பிரஷ்யாதான், தண்டவாளம் நெருக்கமான பக்கம். அப்படியானால் போஸ்னான் மாதிரி இருக்க வேண்டும் அல்லவா?

வயல் நடுவே திடீரென்று மூன்று மாடி அடுக்குக் குடியிருப்புகள். ஊர் இல்லை, சந்தை இல்லை, கோதுமை அறுத்த கட்டாந்தரையில் நகரத்து பிளாட். இவை அரசுப் பண்ணைத் தொழிலாளர்களின் வீடுகள். இந்தப் பகுதி போலந்துக்கு வந்ததே 1945-ல்தான். அதன் பிறகு ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் இடத்துக்குக் கிழக்கே சோவியத்துக்குப் போன பகுதிகளிலிருந்தும், நடுப் போலந்திலிருந்தும், 1947-ல் கட்டாயமாக இடம் மாற்றப்பட்ட உக்ரைனியக் கிராமங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பஜாரும் பாதிரியார் வங்கியும் கண்ட ஆள் ஒருவர்கூட இங்கே இல்லை. தண்டவாளம் மட்டும் மிச்சம். ஜெர்மன்காரன் திரும்பி வந்து பிடுங்கிக்கொள்வான் என்ற பயத்தில் பலர் பல வருஷம் பெட்டியைக் கட்டியே வைத்திருந்தார்களாம்.

போலந்தில் ஒரு விநோதம் உண்டு. பெரும்பாலான மற்ற கம்யூனிஸ்ட் நாடுகள் போலன்றி இங்கே விவசாய நிலத்தில் முக்கால்வாசி கடைசிவரை தனியாரிடமே இருந்தது. 1956-க்குப் பிறகு கூட்டுப் பண்ணைகளைக் கட்டாயப்படுத்துவதை அரசு கைவிட்டது. விதிவிலக்கு இந்தப் பகுதி. இங்கே நிலத்தில் பாதிக்கும் மேல் அரசுப் பண்ணை. வீடு, பால், குழந்தைகள் காப்பகம், வேலைக்குப் போக வண்டி, எல்லாமே பண்ணை கொடுத்தது. 1991 அக்டோபரில் வந்த சட்டம் பண்ணைகளைக் கலைத்தது. மாடுகள் விற்கப்பட்டன, நிலம் பெரிய குத்தகைதாரர்களுக்குப் போனது. வீட்டை மட்டும் அடிமாட்டு விலைக்குத் தொழிலாளர்களுக்கே கொடுத்தார்கள். நல்ல மனசோடுதான் கொடுத்திருப்பார்கள். ஆனால் வாங்க ஆளில்லாத வீடு, வேலை இல்லாத ஊரில் காலில் கட்டிய கல். பின்னாடியே பஸ் சர்வீஸும் நின்றது. 2000-களின் தொடக்கத்தில் நாட்டு வேலையின்மையே 20 சதவீதத்தைத் தொட்டது, இந்தப் பக்கம் அதைவிட மோசம்.

இவர்கள் சோம்பேறிகள், சலுகைக்குப் பழகியவர்கள் என்று வார்சாவில் ரொம்ப சுலபமாகச் சொல்கிறார்கள். காட்டோரச் சாலையில் ஒரு பெண் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து காளான் விற்றுக்கொண்டிருந்தார். மஞ்சள் நிறக் காளான் அரை லிட்டர் கண்ணாடி ஜாடிகளில். காலையில் பறித்தவை முன்வரிசை, நேற்றையவை பின்வரிசை, இரண்டுக்கும் இரண்டு விலை. ஜெர்மன் நம்பர் பிளேட் கார் வந்தால் யூரோவில் பேசுகிறார். ஐந்து நிமிடம் நின்று பார்த்தேன், இரண்டு ஜாடி போனது. வியாபாரம் தெரியாத ஆளா இவர்? மூலதனம் ஒரு கூடை, கடை சாலையோரம், நவம்பரில் பனி விழுந்தால் கடை மூடல். வங்கியில் அடமானம் வைக்க ஒரு சென்ட் நிலம் இவர்கள் யாரிடமும் இல்லை, இருந்ததெல்லாம் அரசிடம்.

தம்பி காரில் ஏறியதும், "சரிங்ண்ணா, மேப்பை விட்டுர்றேன்" என்றான்.

வெள்ளி

இரவு ரயிலில் தெற்கே, கிராக்கோவ். எதிர் பெர்த்காரர் குறட்டையில் பாதித் தூக்கம் போச்சு. வேறு எழுத ஒன்றுமில்லை.

சனி, நோவி சோன்ச்

கிராக்கோவிலிருந்து ரயில் ஊரைச் சுற்றிக்கொண்டு போகும், அதனால் மினிபஸ். மலைகள் தொடங்கும் இடம். ஆஸ்திரியா ஆண்ட கலீசியாவின் பகுதி. ஐரோப்பாவிலேயே படு ஏழைப் பிரதேசம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெயரெடுத்த பக்கம். நிலம் பாகம் பிரிந்து பிரிந்து கோவணத் துண்டுகளாகி, கிராமம் கிராமமாகச் சிகாகோவுக்குக் கப்பலேறினார்கள். மேப்பின்படி இங்கே ஒன்றுமே இருக்கக் கூடாது.

இருப்பது என்ன? கூரை ஜன்னல் செய்யும் ஃபாக்ரோ, 1991-ல் தொடங்கியது, டென்மார்க்கின் வெலக்ஸுக்கு அடுத்தபடி உலகில் இரண்டாமிடம். எந்தப் போலந்துக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும் கோரல் ஐஸ்கிரீம், இரண்டு சகோதரர்களின் கம்பெனி. அரசு ரயில் பட்டறையிலிருந்து தனியாருக்குப் போய் இன்று மின்சார ரயில் செய்யும் நேவாக். கோடீஸ்வரர்களின் ஊர் என்று பத்திரிகைகள் எழுதி எழுதி ஊர்க்காரர்களுக்கே சலித்துவிட்டது.

இவர்களில் முன்னோடி ரோமான் க்ளுஸ்கா. 1988-ல் இங்கே ஆப்டிமஸ் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியைத் தொடங்கினார். 90-களில் போலந்து ஆபீஸ்களில் அந்தப் பெட்டிதான். ஓனெத் என்ற இணையதளமும் அங்கே பிறந்ததே. இறக்குமதியான கம்ப்யூட்டர் பள்ளிக்குப் போனால் வாட் வரி இல்லை, உள்நாட்டில் செய்தது போனால் உண்டு என்று அன்று ஒரு கோமாளித்தனமான விதி. அதனால் ஸ்லோவாக்கியாவுக்கு ஏற்றுமதி செய்து திரும்ப இறக்குமதி செய்தார். வரி ஏய்ப்பு என்று 2002-ல் கைது செய்தார்கள். அடுத்த வருஷமே நிர்வாக உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்குள் மனுஷன் வெறுத்துப்போய் மலைக்கிராமத்தில் ஆடு வளர்த்துப் பாலாடைக்கட்டி செய்யப் போய்விட்டார். வில்செக் சட்டத்தில் வருஷாவருஷம் திருத்தம் சேர்த்து, அனுமதிகளைக் கூட்டி, 2001 தொடக்கத்தில் அதையே தூக்கிவிட்டார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அவர் விற்றுவிட்டுப் போன ஆப்டிமஸின் பங்குச் சந்தைப் பட்டியல் இடத்தைப் பின்னாளில் ஒரு வீடியோ கேம் கம்பெனி பிடித்துக்கொண்டது. விட்சர் கேம் ஆடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கேளுங்கள், சிடி ப்ராஜெக்ட் என்று சொல்வார்கள்.

நான் தங்கிய வீட்டுக்காரர் அறுபது வயது ஆள், பின்னால் பிளம் தோட்டம். "ஏன் இந்த ஊர்?" என்று கேட்டேன். பிரஷ்யா, ஆஸ்திரியா எதையும் அவர் இழுக்கவில்லை. அவர் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர். அதில் வயிறு நிறையாது, ஆனால் அது யாரும் பிடுங்காத அவருடைய மண். அதனால் கோடையில் தச்சு, குளிர்காலத்தில் ஸ்லெட் வண்டி, இலையுதிர்காலத்தில் போலீஸுக்குத் தெரியாமல் பிளம் சாராயம். சிகாகோ மாமா அனுப்பிய டாலர் மெத்தைக்கடியில் இருந்தது. 1958-ல் இந்த வட்டாரத்துக்கு மட்டும் சோதனை முயற்சியாக உள்ளூர் நிர்வாகத்துக்குக் கொஞ்சம் கூடுதல் அதிகாரம் தந்ததும் உண்மை, சுற்றுலா விடுதிகள் அப்போது வந்தன. 1989-ல் அந்த டாலரில் இவர் ஒரு மரம் அறுக்கும் மெஷின் வாங்கினார்.

சொல்லிக்கொண்டே வந்தவர், நான் கோயம்புத்தூர்ப் பக்கம் என்று தெரிந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். அங்கே தண்ணீர் பம்பு செய்வார்களாமே, தோட்டத்துக்கு இரண்டு குதிரைத் திறன் மோட்டார் என்ன விலை, கப்பலில் வந்தால் சுங்கம் எவ்வளவு என்று ஆரம்பித்தார். நான் உத்தேசமாகச் சொன்ன விலையை ஒரு பழைய பில்லின் பின்பக்கம் குறித்துக்கொண்டு, பாதியாகக் குறைத்து எழுதி என்னிடமே நீட்டினார். ராத்திரி ஒன்பது மணிக்கு டார்னூவில் கடை வைத்திருக்கும் மச்சானுக்கு வீடியோ கால் போட்டு, போனை என் கையில் திணித்துவிட்டார்.